டிரைவர் பாயின் நீர்க்கோளாறு

தருமபுரிக்கும் ஏரியூருக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் ஒன்பது வருசம் கண்டக்டராக இருந்தேன். அதில் ஏழு வருசம் அவர்தான் டிரைவர். அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளியிலிருந்து ஏரியூர் டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் பாய். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். கட்டையான ஆள். காக்கிச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னச் சீப்பு இருக்கும். தலையில் சீவுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை, சீப்பு தாடிக்கு.

அவரோடு ஓடிய முதல் நாளே அவரிடமிருந்து வேறு பஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தேன். இண்டூர் தாண்டிப் புளியமர வரிசை வந்ததும் பஸ்ஸை ஓரங்கட்டினார். டயர் பஞ்சராக்கும் என்று நான் இறங்கப் போனேன். அவர் இருந்த இடத்திலேயே உடம்பைத் திருப்பி, கடைசி சீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அய்யாமாருங்க, தாய்மாருங்க கொஞ்சம் பொறுத்துக்கணும். எனக்கு நீர்க்கோளாறு இருக்குதுங்க. அடக்கிக்கிட்டு ஓட்டுனா எனக்கும் நல்லதில்ல, உங்களுக்கும் நல்லதில்ல. அஞ்சே நிமிசம்."

சீட்டுக்கு அடியிலிருந்து தண்ணி டப்பாவை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனார். பஸ்ஸில் முப்பது பேர், பாதிப் பேர் பெண்கள். எனக்கு அப்போது வயசு முப்பத்திரண்டு, இரண்டு பிள்ளைகள். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் இடுப்புக்குக் கீழே யாருக்கும் எந்த நோயும் வந்தது கிடையாது. வந்தாலும் அதற்குப் பேர் 'உடம்பு சரியில்லை' மட்டும்தான். நான் டிக்கெட் கட்டைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பென்னாகரத்தில் டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னேன். "பாய், அதையெல்லாம் பஸ்ஸுல சொல்லணுமுங்களா?"

"சொல்லலைன்னா என்ன நெனைப்பாங்க? டிரைவர் பீடி குடிக்கப் போயிட்டான்னு நெனைப்பாங்க. நோவுன்னு சொன்னா, முப்பது பேர்ல ஒருத்தருக்காவது மருந்து தெரிஞ்சிருக்கும். கேக்கறதுல என்னங்க போயிடுது?"

பிறகு தன் கோளாறை எனக்கு விளக்கினார். வரும் வரும் என்று அவசரப்படுத்தும். போய் நின்றால் வராது. காத்திருக்க வேண்டும். வந்தாலும் நூல் மாதிரி வரும், பாதியில் நிற்கும். முடிந்ததென்று வந்து உட்கார்ந்தால் மறுபடியும் கூப்பிடும். இப்படி நாலு வருசம். அவர் இதைச் சொன்ன தொனியில் துக்கமே இல்லை. கார்புரேட்டரில் அடைப்பு என்று மெக்கானிக்கிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. மருந்து வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஏரியூர்ப் பக்கத்து ஆத்தா ஒருத்தர் சிறுபீளைச் செடியைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து எஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போவார். ஒரு வாத்தியார் வாழைத்தண்டுச் சாறு சொன்னார். ஒரு போலீஸ்காரர் பார்லித் தண்ணி சொன்னார். நெருஞ்சில் முள், பூசணி விதை, வெள்ளரி விதை எல்லாம் வந்தன. வத்தல்மலையிலிருந்து சாமை விற்க இறங்கிவந்த ஒருவர், தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இவரைத் தேடிவந்து ஒரு வேரைக் கொடுத்துவிட்டு, எப்படி உரசிக் குடிப்பது என்று கால் மணி நேரம் சொன்னார். மலைமேல் வரைக்கும் சேதி எப்படிப் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

யார் கொடுத்தாலும் குடிப்பார். மறுநாளோ மறு வாரமோ கொடுத்தவரைப் பஸ்ஸில் பார்த்தால் முடிவையும் சொல்லிவிடுவார்.

"ஆத்தா, உங்க சிறுபீளை நல்லாருக்குதுங்க. எரிச்சல் போயிடுச்சு. ஆனா அடைப்பு அப்படியேதான் இருக்குது."

"வாத்தியாரய்யா, வாழத்தண்டு நெறையா வரவைக்குதுங்க. வந்து கதவுகிட்ட நிக்குது. கதவு தொறக்க மாட்டேங்குது."

பஸ்ஸே சிரிக்கும். வாத்தியார் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பாயின் வீட்டம்மா ஒருமுறை என்னிடம், "எம் வூட்டு அடுப்புல சோறு வேகறதவிட கசாயம் கொதிக்கறதுதான் ஜாஸ்தி. புள்ளைங்க பசியோட வந்து மூடியத் தொறந்து பாத்துட்டு ஓடுதுங்க" என்றார்.

எல்லாவற்றையும் குடித்தாலும் ஏமாறுகிற ஆள் இல்லை. பென்னாகரம் சந்தையில் ஒருவன் மைக் வைத்து லேகியம் விற்றுக்கொண்டிருந்தான். நீரடைப்பு, கல்லடைப்பு, சதையடைப்பு எல்லாம் மூன்றே நாளில் என்றான். கூட்டத்துக்கு நடுவில் பாய் கையைத் தூக்கினார்.

"எனக்கு அந்த நோவு இருக்குதுங்க. உங்க லேகியத்துல சரியான ஒருத்தர் பேரு, ஊரு சொல்லுங்க. நான் போயி அவருகிட்ட கேட்டுட்டு வந்து வாங்கிக்கறேன்."

"ஆயிரம் பேருக்கு சரியாயிருக்குது பெரியவரே."

"ஆயிரம் வேணாமுங்க. ஒருத்தர். நான் பஸ் டிரைவரு, எந்த ஊரா இருந்தாலும் போயிடுவேன்."

கூட்டம் பதிலுக்குக் காத்திருந்தது. லேகியக்காரன் கொஞ்ச நேரம் மைக்கில் ஊதிப் பார்த்தான். பிறகு பல்வலி எண்ணெய்க்கு மாறிவிட்டான்.

கடத்தூரில் ஒரு சித்த வைத்தியர் இருந்தார். நல்ல மனிதர். ஒரு ஓய்வு நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார் பாய். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை வெளியே போகச் சொன்னார். "இருக்கட்டுமுங்க. இதுல ரெண்டு பேரு எம் மாதிரிதான் அடிக்கொருதரம் எந்திரிச்சிப் போயிட்டு வராங்க. அவங்களும் கேக்கட்டும்" என்றார் பாய். அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வைத்தியர் இரண்டு மாசத்துக்குப் பொடி கொடுத்தார். மூன்றாம் முறை போனபோது, "எங்கிட்ட இருக்கறது இவ்வளவுதான் பாய். உள்ள ஒரு சதை வளந்துகிட்டு வருது. அதைக் கரைக்க எனக்குத் தெரியாது. நீங்க டவுன் டாக்டர்கிட்டக் காட்டிடுங்க" என்று சொல்லி அனுப்பினார். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான் என்று பாய் வழியெல்லாம் அவரைப் பாராட்டிக்கொண்டு வந்தார். ஆனால் டாக்டரிடம் போகவில்லை. டாக்டர் என்றால் கத்தி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருக்கு நிஜமாகவே வருத்தம் இருந்த விசயம் ஒன்றுதான். தொழுகை. கை கால் முகம் கழுவிச் சுத்தமாக ஒளு செய்து நின்றால், குனியும்போது ஒரு சொட்டு கசிந்துவிடும். அவர் கணக்கில் தொழுகை முறிந்துபோனது. வேட்டியை மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் எல்லாரும் இருக்கும்போதே, தொழுகை நடத்துகிற அஜ்ரத்திடம் கேட்டுவிட்டார். இதை எனக்குச் சொன்னது அங்கே இருந்த துணிக்கடைக்காரர்.

"அஜ்ரத், எனக்கு நீர் நிக்காம கசியுது. நான் பள்ளிக்கு வரலாமா, கூடாதா?"

அஜ்ரத் வயசில் சின்னவர். கொஞ்சம்கூடத் தயங்காமல், "உங்களால அடக்க முடியாத நோய்க்கு மார்க்கத்துல எடம் இருக்கு பாய். ஒவ்வொரு நேரத் தொழுகைக்கும் புதுசா ஒளு செய்யுங்க. அப்பறம் கசிஞ்சாலும் தொழுகை நிறைவேறும். அதுக்காக வராம இருக்காதீங்க" என்றிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை, ரொம்ப நாளாக வராமலிருந்த நாலு கிழவர்கள் வந்து நின்றார்கள் என்றார் துணிக்கடைக்காரர். அதில் ஒருவர் அந்தத் துணிக்கடைக்காரரின் மாமனார்.

அடைப்பு முழுசாக விழுந்தது ஒரு மார்கழியில். பாய்க்கு நல்ல சளி. முந்தின நாள் ஏதோ ஒரு கடையில் சளி மாத்திரை வாங்கிப் போட்டிருந்தார். ஏரியூரிலிருந்து காலை டிரிப் திரும்பிக்கொண்டிருந்தோம். பென்னாகரத்தில் டப்பாவோடு போனவர் ரொம்ப நேரம் கழித்து வந்தார். "எறங்க மாட்டேங்குது. போவப்போவ வரும்" என்றார். முகம் வேர்த்திருந்தது. இண்டூரில் மறுபடி போனார். திரும்பி வரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இரண்டு மைல் ஓட்டியிருப்பார். பஸ் ஓரமாக நின்றது.

இந்த முறை அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னார். "காலையிலேருந்து ஒரு சொட்டு எறங்கலீங்க. வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு. என் காலு பிரேக்குல நிக்க மாட்டேங்குது. இனி நான் ஓட்டக்கூடாது. ஓட்டுனா உங்க உசுருக்கு ஆபத்து. யாராச்சும் வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்க இருக்கீங்களா?"

லீவுக்கு ஊருக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் எழுந்து வந்தார். கடைசி நீள சீட்டிலிருந்த பெண்கள் யாரும் சொல்லாமலே எழுந்து இடம் விட்டார்கள். நாலு பேர் பாயைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தார்கள். என்ன ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும், ஒவ்வொரு கட்டமும், அத்தனை வருசத்து வைத்தியமும் மனப்பாடம்.

நான் படியில் தொங்கிக்கொண்டு விசிலடித்தபடி வந்தேன். ஸ்டாப்பில் நின்றவர்கள் கையைக் காட்டினார்கள். "பாய்க்கு அடைச்சிக்கிச்சு, பாய்க்கு அடைச்சிக்கிச்சு" என்று மட்டும் கத்தினேன். அவ்வளவு போதுமாக இருந்தது. மூட்டையோடு ரோட்டில் வந்து நின்றவர்கள் விலகி நின்றார்கள். "போங்க போங்க, வேகமா போங்க" என்று ஒரு பெரியவர் பஸ்ஸின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவந்தார். நான் என்ன வார்த்தையைக் கத்திக்கொண்டு வந்தேன் என்பது தருமபுரி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கின பிறகுதான் எனக்கே உறைத்தது.

உள்ளே ஒரு சின்ன வயசு டாக்டர் இருந்தார். ரப்பர் குழாய் வைத்தார். பத்து நிமிசத்தில் ஒரு பெரிய பாட்டில் நிறைந்து, இன்னொன்று பாதி. பாய் கண்ணை மூடிக்கொண்டு, "அல்லா, அல்லா" என்றார். பிறகு கண்ணைத் திறந்து பாட்டிலைப் பார்த்து, "எங்க எஞ்சினே இவ்வளவு தண்ணி குடிக்காதே" என்றார்.

டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். நீர்ப்பைக்குக் கீழே எல்லா ஆண்களுக்கும் ஒரு சுரப்பி இருக்கிறது, வயசானால் பெரிசாகும், நீர்க்குழாயை நெரிக்கும், அந்தச் சளி மாத்திரை அடைப்பை முழுசாக்கிவிட்டது, சேலத்துக்குப் போய் ஆபரேசன் செய்துகொள்ள வேண்டும். அந்தச் சுரப்பியின் பேரையும் சொன்னார். புராஸ்டேட்.

"மைசூர் ஸ்டேட் தெரியும், மெட்ராஸ் ஸ்டேட் தெரியும். இது நமக்குள்ளயே ஒரு ஸ்டேட்டுங்களா?" என்றார் பாய். பிறகு, வார்டில் பன்னிரண்டு கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி, "டாக்டர், ஒண்ணு கேக்கணும். ஆபரேசன் பண்ணுனா ஆம்பளத்தனம் போயிடுமுங்களா?"

பக்கத்துக் கட்டிலில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவரின் கை நின்றது. எதிர்க் கட்டிலில் தூங்குகிற மாதிரி படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார். டாக்டரும் அவர் கேட்ட அதே சத்தத்தில் பதில் சொன்னார். "பெரும்பாலானவங்களுக்குப் போகாது பாய். கொழந்த பொறக்கறது மட்டும் சிரமம்."

"எனக்கு ஏழு இருக்குதுங்க. போதும்."

வார்டு முழுக்கச் சிரித்தது. டாக்டர் போன பிறகு ஆரஞ்சுக்காரர் பாயிடம் ஒரு சுளை நீட்டினார். "இதக் கேக்கக் கூச்சப்பட்டுத்தான் மூணு வருசமா ஆஸ்பத்திரிக்கு வராமலே இருந்தேன்" என்றார்.

பாய் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்று சாயங்காலம்தான். என்னைக் கிட்டே கூப்பிட்டார். "அது புத்துநோயா இருந்தா?" என்றார். டாக்டரிடம் கேட்கவில்லையா என்றேன். "கேட்டேன். எடுத்த சதையச் சோதிச்சுப் பாத்தாத்தான் தெரியுமாம். அதுவரைக்கும் எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லாத." எதையும் மறைக்காத மனுசன் அதை மட்டும் மறைத்தார். அந்த ஒரு மாசம் அவருடைய பயத்தைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பஸ்ஸில் ஏறுகிறவர்களெல்லாம் "பாய் எப்படி இருக்கார்?" என்று கேட்கும்போது நல்லாயிருக்கார் என்று சொல்வதே பெரிய வேலையாக இருந்தது.

சேலத்தில் ஆபரேசன் ஆனது. மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். கட்டிலோரம் குழாயும் பாட்டிலுமாகக் கிடந்தார். வந்தவர்களுக்கெல்லாம் பாட்டிலைக் காட்டினார். "முந்தாநாள் பீட்ரூட்டு. நேத்து ரோஸ் மில்க்கு. இன்னிக்கிப் பாருங்க, எளநீ ஆயிட்டு வருது." வலிக்கவில்லையா என்றேன். "வலிக்குது. ஆனா அடைப்பு மாதிரி இல்ல. இது முடியற வலி" என்றார். நாலு வாரம் கழித்துச் சோதனைச் சீட்டு வந்தது. வெறும் வீக்கம், வேறொன்றும் இல்லை. அந்தச் சீட்டை அவர் டாக்டர் கையிலிருந்து வாங்கி, படிக்கத் தெரியாத இங்கிலீஷைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மடித்துச் சீப்போடு பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் வீட்டம்மாவிடம் தன் பயத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா, "ஊருக்கெல்லாம் சொல்ற வாயி எங்கிட்ட மட்டும் மூடிக்கிச்சா?" என்று இரண்டு நாள் பேசவில்லையாம்.

மூன்று மாசம் கழித்து மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். அன்றைய முதல் டிரிப்பில் இண்டூர் தாண்டிப் புளியமர வரிசை வந்தது. பஸ் நிற்கவில்லை. பாய் நேராகப் பார்த்துக்கொண்டு மீசைக்குள் சிரித்தார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"என்னாங்க பாய், நிறுத்தலீங்களா?"

"தேவப்படலீங்கம்மா."

"உங்களுக்குத் தேவப்படல. நீங்க நிறுத்துவீங்கன்னு நம்பித்தான் நாங்க ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு ஏறுனோம்."

பாய் பஸ்ஸை ஓரங்கட்டினார். பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமுமாக பஸ்ஸில் பாதி இறங்கிப் போனது. அவ்வளவு வருசமும் அது அவருக்கு மட்டுமான ஸ்டாப் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்திருந்தோம்.

அதற்குப் பிறகு அவரைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே, பெரும்பாலும் அறுபது தாண்டினவர்கள், குடையையோ மஞ்சப் பையையோ மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பாய் இறங்கிப்போவார். டீக்கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போவார். அங்கே அவர் என்ன பேசினார் என்பது பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்காது. சில பேரோடு சேலத்துக்கே போய்வந்தார். "இன்னிக்கி யாருங்க பாய்?" என்று நான் கிண்டலாகக் கேட்டால், "ஒரு மனுசர்" என்பார். அவ்வளவுதான். எத்தனை முறை கேட்டும் ஒரு பேர்கூட வாங்க முடியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்துக்குப் பிறகு அவருக்குக் கண் மங்கிவிட்டது. வேலையை விட்டுவிட்டு, மகன் வைத்த சைக்கிள் கடையில் உட்கார்ந்துகொண்டார். நானும் வேறு ரூட்டுக்கு மாறிவிட்டேன்.

என் அப்பா கடத்தூரில் அண்ணன் வீட்டில் இருந்தார். மண்டியில் தரகு பார்த்தவர். எங்களிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். ஒருநாள் களத்தில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். அண்ணன் ஊரில் இல்லாததால் நான் போய் இருந்தேன். குளிப்பாட்ட வேண்டியிருந்தது. வேண்டாம் வேண்டாம் என்றவரைக் கிணற்றடியில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றும்போது, தொப்புளுக்குக் கீழே ஒரு நீளத் தழும்பைப் பார்த்தேன்.

"என்னங்கப்பா இது?"

அவர் துண்டை இழுத்து மூடிக்கொண்டார்.

"பாய் சொல்லலயா?"

"எந்தப் பாய்?"

"உங்கூட ஓட்டுனாரே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா தானாகவே சொன்னார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு வருசம் கஷ்டப்பட்டேன். உங்கம்மாவுக்குக்கூடச் சொல்லல. ஒருநாள் நீ டிக்கெட் ஆபீசுல இருக்கறப்ப பாத்து, பஸ் ஸ்டாண்டுல அவருகிட்டப் போயி நின்னேன். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. அவரே எறங்கி வந்து, 'ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிறீங்க?'ன்னு கேட்டாரு. எனக்கு அழுக வந்துடுச்சு. சேலத்துல உங்கத்த வூட்டுல ஒரு மாசம் இருந்தேனே, அப்பத்தான் பண்ணுனது. நாலு தடவ வந்து பக்கத்துல உக்காந்திருந்தாரு. எம் பையன்கிட்டச் சொல்லாதீங்கன்னேன். 'நான் கேக்கற ஆளுங்க, சொல்ற ஆளில்ல'ன்னாரு."

அப்பா என்னிடம் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். நான் முதுகு தேய்த்துவிட்டேன். அவர் துண்டை விலக்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் தருமபுரிக்குத் திரும்பியதும் சைக்கிள் கடைக்குப் போனேன். சாயங்காலக் கூட்டம், ரோடு முழுக்க ஜனம். பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்தார். அவரும் அப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார்த்தேன். அவரோடு அதற்குப் பின்னால் மூன்று வருசம் ஒரே பஸ்ஸில் ஓடியிருக்கிறேன், தினமும் ஒரே தட்டில் சாப்பிடாத குறை.

"அப்பா சொல்லிட்டாருங்க பாய்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. கடைக்குள் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த மகனும், எதிரே பூ வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும், ரோட்டில் போனவர்களும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகக் கேட்டார்.

"அப்படியா? இப்ப அவருக்கு நல்லாப் போவுதா?"

"நல்லாப் போவுதுங்க பாய்" என்றேன், அதே சத்தத்தில்.